கர்ப்பிணிக்கு ₹6,000: சட்டத்துல இருக்கு... கைக்கு வருதா?

‘பிரசவம்தான் அரசு ஆஸ்பத்திரியில இலவசமாச்சே, அப்புறம் எதுக்குக் காசு?’ மகப்பேறு உதவித்தொகை பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்.

ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால், செக்கப்புக்குப் போகும் நாளில் கூலி கிடையாது. ஆட்டோவுக்குக் காசு வேணும். துணைக்கு வருபவருக்கும் அன்றைய சம்பளம் போச்சு. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் உதவித்தொகை.

பலன் கிடைத்ததா?

2005-ல் ஜனனி சுரக்‌ஷா யோஜனா வந்தது. மருத்துவமனையில் பிரசவித்தால், இதில் பின்தங்கிய மாநிலங்களின் கிராமப்புறத் தாய்க்கு ₹1,400. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2005-06-ல் மருத்துவமனைப் பிரசவங்கள் சுமார் 39%. 2019-21-ல் அது 89%. ஆஷா பணியாளர்கள், ஆம்புலன்ஸ், சாலை வசதி எல்லாம் சேர்ந்துதான் இந்த மாற்றம். காசு தாயை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவரும். உள்ளே டாக்டரும் ரத்தமும் இருந்தால்தான் உயிர் பிழைக்கும்.

சிக்கல் எங்கே?

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர் போன்ற சிலரைத் தவிர எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குறைந்தது ₹6,000 தரச் சொல்கிறது. ஆனால், 2017-ல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா யோஜனா முதல் குழந்தைக்கு மட்டும் ₹5,000 தந்தது. ஜனனி சுரக்‌ஷா தொகையையும் சேர்த்தால் சராசரியாக ₹6,000 ஆகிவிடும் என்பது அரசின் கணக்கு.

2022 முதல், இரண்டாவது குழந்தை பெண் என்றால் ₹6,000 உண்டு. பெண் கருக்கொலையைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனா, ஆண் குழந்தை பிறந்தா? ஒண்ணும் கிடையாது. இன்னொரு விஷயம்: குழந்தை எதுவென்று பிறந்த பிறகுதானே தெரியும்! அதனால் பணமும் அதற்குப் பிறகே வரும். ஐந்தாம் மாதத்தில் முட்டையும் பழமும் வாங்க அது உதவாது.

தமிழ்நாடு எப்படி?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 2018 முதல் ₹18,000. இதில் ₹14,000 ரொக்கம், ₹4,000 மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பிறந்தது ஆணா, பெண்ணா என்று பார்ப்பதில்லை. ஆனால், இங்கும் இரண்டு பிரசவத்தோடு சரி.

மூன்றாவது முறை கர்ப்பமான கூலித் தொழிலாளிக்குப் பசி குறைவா என்ன? உதவித்தொகை என்பது பரிசு அல்ல, சட்டம் தந்த உரிமை. எத்தனையாவது குழந்தை, ஆணா பெண்ணா என்று எண்ணிப் பார்க்காமல், வயிற்றில் குழந்தை இருக்கும்போதே அந்தப் பணம் தாயின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.