குழந்தைகளின் தண்டுவட நீரழுத்தம்

மூளையையும் தண்டுவடத்தையும் தெளிந்த நீரொன்று சூழ்ந்துள்ளது. அதன் அழுத்தம் மிகுமாயின் தலைவலியும் வாந்தியும் தோன்றும். நாளடைவில் கண்நரம்பு வீங்கிப் பார்வையும் கெடக்கூடும். இடுப்புப் பகுதியின் முள்ளெலும்புகளினிடையே ஊசி செலுத்தி அந்நீரை எடுக்கும் முறையை, ஜெர்மனி தேசத்துக் கீல் நகரில் வைத்தியப் பேராசிரியராயிருந்த ஹைன்ரிக் குவிங்கே என்பார் 1891-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் நீரை எடுத்ததோடு அமையாது, குழாயில் அஃது எவ்வளவு உயரம் ஏறுகின்றதென்று அளந்தும் பார்த்தார்.

இந்நாளிலோ, குழந்தைகட்கு ஊசியிடுங்கால் நீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அழுத்தத்தை அளவாது விடுவாரும் உளர். "குழந்தை அழும், திமிறும், அப்போது கண்ட அளவு பொய்யன்றோ?" என்பர். அழுங்கால் அழுத்தம் ஏறுவது மெய்யே. ஆயினும், ஒருக்கணித்துக் கிடக்கும் குழந்தையைத் தேற்றிச் சற்றுப் பொறுத்தால், குழாயின் நீர் தாழ்ந்து, மூச்சோடு சிறிதே அசைந்து நிலைபெறும். அதுவே குறிக்கத்தக்க அளவு. உட்கார்ந்த நிலையில் அளந்தது இதற்கு ஒப்பாகாது.

இனி, எவ்வளவு மிகை? குழந்தைகட்கு 18 அல்லது 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் மிகையென்று முன்னர்ப் பலர் கருதினர். பிலடெல்பியாவில் 1 முதல் 18 வயது வரையுள்ள 197 பேரை அளந்து 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பதின்மரில் ஒன்பதின்மர்க்கு அளவு 28 சென்டிமீட்டருக்கு உட்பட்டதாகக் காணப்பட்டது. காரணம் புலப்படாத மிகையழுத்த நோய்க்கு 2013-இல் வகுத்த விதியும் 28 என்றே கொண்டது. துயில்மருந்து பெறாத, உடற்பருமனற்ற குழந்தைக்கு மட்டும் 25 என்றது. துயில்மருந்தால் மூச்சுக் குறைந்து, கரியமில வாயு தங்கி, மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் ஏறுமாதலின் இவ்வேற்றுமை வேண்டுவதாயிற்று.

ஆகவே 26 என்னும் எண் ஒரு குழந்தைக்கு நோயின் அறிகுறி, மற்றொன்றுக்கு அன்று. வெறும் எண்ணை மட்டும் எழுதிவைப்பின், வேண்டாத மருந்தை ஒருத்திக்கு ஆண்டுக்கணக்கில் ஊட்டவும், வேண்டிய மருந்தை மற்றொருத்திக்கு மறுத்து அவள் கண்ணை இழக்கச் செய்யவும் கூடும். குழந்தை கிடந்த நிலை, அழுததா அமைந்ததா, துயில்மருந்து பெற்றதா என்னும் மூன்றையும் எண்ணோடு எழுதுதல் வேண்டும்.

உயிர் ஊசலாடும் குழந்தைக்கு அளவு கருதி மருந்தைத் தாமதித்தல் தகாது. ஏனையோர்க்கு அளத்தல் சில நிமிட வேலையே. அதை மறந்தமையால் பிஞ்சு முதுகில் இரண்டாம் முறை ஊசி ஏற்ற நேருமாயின் அது பெருங்கொடுமையன்றோ? வைத்தியத் துறை புகவிருக்கும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.