எந்திரம் சொல்லும் ‘இல்லை’

போன மாசம் ஒரு சேரியில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓர் ஆயா மறித்துக் கேட்டுச்சு: “ஏம்பா, அந்த மேட்டு நெலம் பஞ்சமி நெலமா இல்லியா? அந்த செல்லுல கேட்டுச் சொல்லேன்.” கூட வந்த கல்லூரித் தம்பி தட்டிப் பார்த்தான். பதில் நீளமாகவே வந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, 1892 அரசாணை, சுமார் 12 லட்சம் ஏக்கர். எல்லாம் சரி. ஊர்ப் பேரைப் போட்டுக் கேட்டதும் அப்படித் தகவல் எதுவும் இல்லை என்றது. “இல்லன்னு வருது ஆயா” என்றான் தம்பி.

அந்த ‘இல்லை’யைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எந்திரம் எல்லாம் தெரிந்து பதில் சொல்கிறது என்று நம்ம பிள்ளைகளே நம்புகிறார்கள். அடிப்படை வேலை எளியது. எந்தச் சொல் எந்தப் பிரதியில் வருகிறது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்கிறார்கள், புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அது மாதிரி. கேள்விக்குப் பொருந்தும் பிரதியை இழுத்து வந்து ஒரு துண்டை வெட்டித் தருகிறது. இப்போது வந்திருப்பவை துண்டுகளைக் கோர்த்துச் சரளமாகவும் பேசுகின்றன. (சில சமயம் இல்லாததையும் சேர்த்துப் பேசும். அது தனிக்கதை.)

1999இல் அமெரிக்காவில் ட்ரெக் என்ற ஆய்வுக் களத்தில் இதற்கொரு சோதனை வைத்தார்கள். 200 கேள்விகள். பத்திரிகைச் செய்திகளும் அரசு ஆவணங்களுமாக 5 லட்சத்துக்கு மேல் பிரதிகள். ஒரு சலுகை: ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அந்தக் குவியலுக்குள் நிச்சயம் உண்டு. 2001இல்தான் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, பதில் கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லலாம் என்றார்கள். அங்கே ‘இல்லை’க்கு ஒரே அர்த்தம்தான்: இந்தக் குவியலில் இல்லை. தெருவுக்கு வரும்போது அதுவே ‘உலகத்திலேயே இல்லை’ ஆகிவிடுகிறது. தாலுகா ஆபீசில் ‘ரெக்கார்டு இல்லப்பா’ கேட்டுப் பழகிய காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

குவியலை எழுதியது யார்? வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதினார், அதனால் கிடைக்கிறார். ஆயாவின் நிலம் பழைய பதிவேட்டில் கையெழுத்தாக ஏதோ பீரோவில் கிடக்கலாம். ஸ்கேன் பண்ணிப் போட்டாலும், எழுத்தாக மாற்றாதவரை தேடலுக்கு அது வெறும் படம். ஆயா மேட்டு நெலம் என்கிறது. பதிவேடு சர்வே எண் போட்டுப் புஞ்சை என்று எழுதும். நிலம், நெலம், நெலத்துல: சொல்லுக்குச் சொல் பொருத்தும் எந்திரத்துக்கு மூன்றும் மூன்று சொற்கள்.

இது மேல்சாதி எந்திரம், தொடாதே என்கிறார்கள் சில தோழர்கள். ‘தொடாதே’யை நாமே சொல்வதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு, உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ் என்று ஹாஸ்டல் பையன் ராத்திரி 11 மணிக்கு வேறு யாரைக் கேட்பான்? கேட்கட்டும். எந்தப் பிரதியிலிருந்து இந்தப் பதில், அதை யார் எழுதியது என்றும் சேர்த்துக் கேட்கட்டும். உண்மை அறியும் குழு அறிக்கைகள், துண்டறிக்கைகள், பழைய சிற்றிதழ்கள் என்று நம்மிடம் கிடப்பதையும் யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்யணும். சலிப்பான வேலைதான். எங்க அலமாரியிலேயே பாதியைக் கரையான் தின்னுடுச்சு.

தம்பி சொன்னதைக் கேட்டு ஆயா சிரிச்சுது. “இல்லன்னு அதுக்கு யாரு சொன்னது? எங்க மாமனாரு கெணறு வெட்டுன எடம்பா அது.”

சர்வே எண் வாங்கி, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டிருக்கிறோம். 30 நாளில் பதில் தரணும். இன்றைக்கு 19ஆம் நாள்.