ஜெனரிக் மாத்திரைக்கு மனித ஆய்வு எப்போது தேவைப்படுவதில்லை?

மாத்திரையின் நிறம் மாறியதும் "இது பழையதைப் போலவே வேலை செய்யுமா, டாக்டர்?" என்று நோயாளிகள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. இதற்கு விடை காணும் வழி உயிர்ச்சமன் ஆய்வு ஆகும். நலமுள்ள தன்னார்வலர்களுக்கு இரு தயாரிப்புகளையும் வெவ்வேறு நாள்களில் அளித்து, இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவை ஒப்பிடுவர். எனினும் எல்லா ஜெனரிக் மருந்துகளுக்கும் இவ்வாய்வு கட்டாயமன்று.

விழுங்கிய மாத்திரை முதலில் கரைய வேண்டும். பின்னர் குடற்சுவரைக் கடக்க வேண்டும். இவ்விரு பண்புகளைக் கொண்டு மருந்துகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையை 1995இல் கோர்டன் அமிடனும் அவருடைய குழுவினரும் முன்வைத்தனர். நன்கு கரைந்து எளிதில் ஊடுருவும் மெட்டோபுரோலால் முதல் வகுப்பு. நன்கு கரைந்தும் குறைவாகவே ஊடுருவும் மெட்ஃபார்மின் மூன்றாம் வகுப்பு. இவை விரைவில் கரைந்துவிட்டால், பிறகு குடலில் இருப்பது ஒரே கரைசல்தான். தயாரித்தவர் யார் என்பது பெரிதாகப் பொருட்படாது. எனவே ஆய்வகக் கரைதல் சோதனையே போதுமான சான்றாகக் கொள்ளப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் எம்9 என்னும் பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, முதல் வகுப்பு மாத்திரையில் 85 விழுக்காடு மருந்து 30 நிமிடங்களுக்குள்ளும், மூன்றாம் வகுப்பில் 15 நிமிடங்களுக்குள்ளும் கரைய வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கூடுதல் கண்டிப்பு உண்டு: துணைப்பொருள்களும் மூல மருந்தில் உள்ளவற்றை ஒத்திருக்க வேண்டும்.

கரைவதற்கே கடினமான இரண்டாம், நான்காம் வகுப்பு மருந்துகளின் நிலை வேறு. வலிப்புநோய்க்கான ஃபெனிடாயின் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. 1968ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் அம்மருந்தை உட்கொண்டுவந்த பலருக்குத் தள்ளாட்டமும் நச்சுத்தன்மையின் பிற அறிகுறிகளும் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. கேப்சூலில் இருந்த கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்துவிட்டது.

இந்தியாவில் 2017 ஏப்ரலில் விதிகள் திருத்தப்பட்டு, இவ்விரு வகுப்பு வாய்வழி மருந்துகளுக்கு உரிமம் பெற உயிர்ச்சமன் ஆய்வு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்னர், அறிமுகமாகி நான்காண்டுகள் கடந்த மருந்துகளுக்கு இச்சான்று இன்றியே மாநில உரிமம் பெற முடிந்தது. இத்திருத்தம் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே, சாதாரண மெட்ஃபார்மின் மாத்திரையின் தயாரிப்பு நிறுவனம் மாறினால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மெதுவாக மருந்தை வெளியிடும் வகைக்கு எம்9 விலக்கு பொருந்தாது. அதனைச் சாதாரண மாத்திரைக்கு மாற்றாகக் கருதாதீர்கள். ஃபெனிடாயின் போன்று, பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்துகளுக்கும் அவ்விலக்கு இல்லை. அவற்றின் தயாரிப்பு மாறியிருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், பழைய அட்டையையும் புதிய அட்டையையும் எடுத்துவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளாட்டமோ, இரட்டைப் பார்வையோ, மீண்டும் வலிப்போ ஏற்பட்டால் அடுத்த மருந்து வாங்கும் நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.