ரேடியேட்டர் மூடி

ஆருத்ரா தரிசனத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் புறப்பட்டோம். புதுச்சத்திரம் தாண்டியதும் நம் பழைய அம்பாஸிடர் பெருமூச்சு விட்டு நின்றது. (1958-ல் பிறந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன வம்சம், பெருமூச்சுக்குப் பாத்தியதை உண்டு.) பானெட்டைத் தூக்கினால், மேல் ரப்பர்க் குழாயில் ஒரே ஆவி!

ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினோம். "ஸார், வேண்டாம்!" என்று ஓடி வந்து தடுத்தார் ஒரு லாரி டிரைவர். இல்லாவிட்டால் இந்தப் பத்தியை எழுதும் கை வெந்திருக்கும். உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த க்ஷணமே கொதித்துச் சீறிப் பாயும்.

என்ஜின் ஆற ஒரு மணி நேரமாயிற்று. அதற்கு முன் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடுமாம். குழாய் வெடித்திருந்தது கிளிப் இறுக்கும் நுனியில்தான். அந்த ஓர் அங்குலத்தைக் கத்தியால் நறுக்கி, மிச்சத்தை இழுத்துப் பொருத்திக் கிளிப்பை முடுக்கினார், ஒழுக்கு நின்றது. பிறகு தண்ணீர் நிரப்பினோம்.

அக்குழாய் உப்பியிருந்ததைச் சென்ற மாதமே விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "அப்புறம் மாற்றலாம்" என்று விட்டவர்கள் நாமேதான்.

சிதம்பரம் சேர்ந்தபோது, நடராஜர் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து சித்ஸபைக்கு எழுந்தருளிவிட்டார். நம் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் குழாயும் கிளிப்பும் கூலன்ட்டும் அன்று மாலையே வாங்கினோம்.