பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு... ஊர் எப்போ வரும்?

விருதுநகரில் புதிய பேருந்து நிலையத்தின் கதையை எல்லோரும் அறிவார்கள். 1990களில் கட்டி முடித்த கட்டடம், முப்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பெரும்பாலும் வெறிச்சோடியே கிடந்தது. 2024-ல்தான் மறுபடி உயிர் கொடுத்தார்கள். கட்டடம் இருந்தது, இடம் இருந்தது, சாலையும் இருந்தது. பிறகு ஏன் சனம் வரவில்லை?

பஸ் ஸ்டாண்டைப் பார்க்க யாரும் பஸ் ஏறுவதில்லை. பஜாருக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ரயிலுக்குப் போகத்தான் ஏறுகிறார்கள். அதெல்லாம் ஊருக்குள் இருக்க, பஸ் ஸ்டாண்டு மட்டும் தள்ளிப் போனால், இறங்கினதும் அடுத்து ஒரு ஆட்டோ பிடிக்க வேண்டும். பஸ்சுக்குக் கொடுத்ததைவிட ஆட்டோவுக்கு அதிகம் போகும். சென்னை கிளாம்பாக்கத்திலும் இதே பாடம்தான். 2023 டிசம்பர் 30 அன்று பிரமாண்டமான பேருந்து முனையம் திறந்தார்கள். பக்கத்திலேயே மின்சார ரயில் ஓடியது, ஆனால் இறங்குவதற்கு ஸ்டேஷன் இல்லை!

பத்து நிமிஷ நடை

நகரத் திட்டமிடலில் இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பஸ் அல்லது ரயில் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் வீடு, கடை, கிளினிக், பள்ளி, வேலை எல்லாம் கலந்து இருக்க வேண்டும். மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட கொள்கை, இந்த நடை தூரத்தை 500 முதல் 800 மீட்டர் என்கிறது. மெட்ரோ ரயில் ஓடும் பெரிய ஊர்களுக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். பிரேசில் நாட்டின் குரிடிபா நகரம் 1970களிலேயே பஸ்சை மட்டும் நம்பி இதைச் செய்தது. பஸ் ஓடும் பெரிய சாலைகளை ஒட்டி மாடி வீடுகளும் கடைகளும், தள்ளிப் போகப் போகத் தாழ்வான வீடுகளும் வரும்படி விதி வகுத்தார்கள்.

சிவகாசிக்கு இது ரொம்பவே பொருந்தும். 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து சிவகாசி மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் சிவகாசியில் சுமார் 71,000 பேர், திருத்தங்கலில் சுமார் 55,000 பேர். விருதுநகர் - தென்காசி ரயில் பாதையில் இரண்டுக்குமே தனித்தனி ஸ்டேஷன் உண்டு. எல்லாக் கூட்டத்தையும் சிவகாசி பஜாருக்குள்ளேயே திணிக்காமல், திருத்தங்கல் ஸ்டேஷனையும் பஸ் நிறுத்தத்தையும் சுற்றி இன்னொரு சின்ன மையத்தை வளர்க்க முடியும்.

அதனால் யாருக்கு லாபம்? பட்டாசு ஆலையில் வேலை முடிந்து, சாயங்காலம் வண்டியில் வந்து இறங்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ரேஷன் வாங்க வேண்டும், காய்கறி வாங்க வேண்டும், மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டும், பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும். நான்கும் நான்கு திசையில் இருந்தால், அடுப்புப் பற்றவைக்கவே மணி எட்டாகிவிடும். 2021 முதல் டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் இறங்கிய பிறகு நடக்கிற தூரத்தை இலவச டிக்கெட் குறைக்காது.

கலக்கக் கூடாத ஒன்று

எல்லாம் கலந்திருக்கட்டும் என்று சொல்லும்போது சிவகாசியில் மட்டும் ஒரு நிபந்தனை போட வேண்டும். 2016 அக்டோபர் 20, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு. ஊருக்குள் பட்டாசுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்தது ஒரு ஸ்கேன் சென்டர். பட்டாசுக்குச் சம்பந்தமே இல்லாமல் பரிசோதனைக்கு வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் புகையில் சிக்கினார்கள். குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள்.

பட்டாசு ஆலைகளை ஊருக்கு வெளியே, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டு அமைக்க வெடிபொருள் விதிகள் உள்ளன. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளிலும் வீடும் கடையும் கலந்த 'கலப்புக் குடியிருப்பு' மண்டலம் தனி, அபாயகரமான தொழில்களுக்கான மண்டலம் தனி. காகிதத்தில் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலையில் செய்த சரக்கு கடைக்கும் குடோனுக்கும் லாரி ஆபீசுக்கும் வந்துதானே ஆக வேண்டும்? அந்த வழியில்தான் ஆபத்து ஊருக்குள் நுழைகிறது.

ஆகவே பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மெஸ் வரட்டும், தையல் கடை வரட்டும், கிளினிக் வரட்டும். நோட்டு பைண்டிங், காலண்டருக்குத் தகரம் அடிப்பது போன்ற வேலைகளும் வரட்டும். பட்டாசு இருப்பு வைப்பதும் ஏற்றி இறக்குவதும் மட்டும் வரக் கூடாது. அதற்கு ஊருக்கு வெளியே, லாரிகள் நேராக வந்து போகும்படி தனி இடம் வேண்டும். வியாபாரிகளுக்கு அது கூடுதல் செலவு, கூடுதல் நேரம். அரசு இடமும் சாலையும் கொடுத்தால்தான் அவர்களும் நகருவார்கள்.

இன்னொரு கவலையும் நியாயமானது. பஸ் ஸ்டாண்டு வந்தால் பக்கத்தில் மனை விலை ஏறும், வாடகை ஏறும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் மறுபடி தூரத்துக்குத் தள்ளப்படுவார்கள். யாருக்காக மையம் அமைக்கிறோமோ, அவர்களே அங்கே குடியிருக்க முடியாமல் போகும். சின்ன வாடகை வீடுகளுக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

நகரின் முழுமைத் திட்டத்துக்கு வரைவு வெளியாகும்போது, பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. பெரும்பாலும் மனை வாங்கி விற்பவர்கள்தான் அதைப் போய்ப் பார்க்கிறார்கள். அடுத்த முறை வரைபடம் வரும்போது நீங்களும் போய்ப் பாருங்கள். உங்கள் தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது, பஸ் எங்கே நிற்கும், குடோன் எங்கே வரப்போகிறது என்ற மூன்றை மட்டும் பார்த்தால் போதும். சரியில்லை என்றால், கெடு முடிவதற்குள் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.