முதல் சீட்டைத் தொடுமுன்

சீட்டுக்கட்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்காத வீடு நம் பகுதியில் இல்லை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்து இங்கே பயில வந்திருக்கும் நமக்கு அதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. சம்பள நாள் இரவில் மங்காத்தா ஆடிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய என் பெரியப்பாவைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். அன்றுமுதல் எங்கள் வீட்டுக்குள் சீட்டு நுழைந்ததில்லை. அத்தகைய வீட்டிலிருந்து வரும் நான், நம் கல்லூரி மாணவர் ஓய்வறையில் ஒரு மேசையைக் ‘காண்ட்ராக்ட் பிரிட்ஜ்’ ஆட்டத்திற்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதத் துணிந்தால், காரணம் சொல்லத்தானே வேண்டும்?

பிரிட்ஜ் நால்வர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஏலம் கேட்டு, இத்தனை பிடிகளை நாங்கள் எடுப்போம் என்று ஒரு கட்சி ஒப்பந்தம் செய்துகொள்கிறது. எதிரி முதல் சீட்டை இறக்கியதும், ஒப்பந்தம் ஏற்றவரின் கூட்டாளி தம் சீட்டுகள் அனைத்தையும் மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். அவர் ‘டம்மி’. இரண்டு கைகளையும் ஒருவரே ஆட வேண்டும். அவர்தான் ‘டிக்ளேரர்’.

எனக்கு இதைக் கற்பித்தவர், துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இராயபுரத்தில் அவர் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. டம்மி விரிந்ததுமே நான் அவசரமாக ஒரு சீட்டை உருவுவேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

“எண்ணிப் பாத்தியா நைனா?”

“இல்லீங்கய்யா.”

“அப்பறம் எதுக்குக் கைய வெக்கிற? கடைசி துறைமுகத்துல இறக்கற சரக்கு கப்பல்ல அடியில போவணும். கையில கெடச்சத மொதல்ல ஏத்திட்டா, நடுவுல அத்தனையும் எடுத்து வெளிய வெச்சித்தான் இறக்கணும். அந்த மாதிரிதான் இதுவும்.”

அவர் ஒருநாள் வைத்துக் காட்டிய ஆட்டத்தைச் சொல்கிறேன். துருப்பு இல்லாத ஒப்பந்தம். ஒன்பது பிடிகள் எடுக்க வேண்டும். கிளாவரில் என் கையில் ஏஸ், ராஜா, 4, 2. டம்மியில் ராணி, 7, 5. ஸ்பேடில் டம்மியிடம் ஏஸும் ராணியும். என்னிடம் சில்லறைச் சீட்டுகள். உறுதியான பிடிகளை எண்ணினேன். கிளாவரில் மூன்று, ஸ்பேடில் ஒன்று, ஆர்ட்டினிலும் டைமனிலும் சேர்த்து நான்கு. ஆக எட்டு. ஒன்று குறைகிறது. எதிரிகளோ, ஒருமுறை கைக்கு வந்தால் போதும், ஆர்ட்டினை வரிசையாக அடித்து ஒப்பந்தத்தை உடைத்துவிடக் காத்திருக்கிறார்கள்.

நான் உடனே ஸ்பேடை இறக்கி, ராஜா இடப்பக்கத்து எதிரியிடம் இருக்கும் என்று நம்பி டம்மியின் ராணியைப் போட்டேன். இதற்கு ‘ஃபினெஸ்’ என்று பெயர். வெல்லும் வாய்ப்பு சரிபாதி. ராஜா வலப்பக்கத்தில் இருந்தது, தோற்றேன். “கெட்ட நேரம்” என்றேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் சீட்டுகளைத் திரும்ப அடுக்கினார். இம்முறை முதலில் கிளாவர் ராணி, பிறகு ஏஸ், ராஜா. எதிரிகளிடம் இருந்த ஆறு கிளாவரும் மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தன! என் கையிலிருந்த அற்பமான 4 ஒன்பதாவது பிடியாயிற்று. ஸ்பேடைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஆறு சீட்டுகள் அப்படிச் சமமாகப் பிரியும் வாய்ப்பு நூற்றுக்கு 36. பிரியாவிட்டாலும் நட்டமில்லை, ஆட்டம் என் கையிலேயே இருக்கிறது, ஸ்பேடை அப்போது முயலலாம். மீதி 64-இல் பாதி 32. இரண்டும் சேர்ந்து 68. முன்பு 50, இப்போது 68. சீட்டு மாறவில்லை, வரிசை மட்டுமே மாறியது. வகுப்பில் நிகழ்தகவுக் கணக்கைப் பலமுறை போட்டிருக்கிறேன். அது என்னைத் தலைகுனிய வைத்தது அன்றுதான்.

வந்த சீட்டு நம் கையில் இல்லை, ஆடும் விதம் நம் கையில் இருக்கிறது என்று கர்மக் கோட்பாட்டை விளக்குவதற்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த டாக்டர் இராதாகிருஷ்ணன் பிரிட்ஜ் ஆட்டத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். தத்துவப் பேராசிரியருக்குக் கூசாத ஆட்டம் நமக்கு ஏன் கூச வேண்டும்?

சூதுக்கு வழியாகிவிடும் என்பார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். என் பெரியப்பாவின் வெறுங்கை நினைவிருக்கிறது. கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடிக் கெட்டவர்களையும் நம் தெருக்களில் அறிவோம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025-இல் நடுவண் அரசு சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆனால் பிரிட்ஜ் போட்டிகளில் ஒரே சீட்டுப் பகிர்வை மேசைக்கு மேசை எடுத்துச் சென்று எல்லோரையும் ஆடவைக்கிறார்கள். எனக்கு வந்த அதே கையைத்தான் நீங்களும் ஆடுகிறீர்கள். நீங்கள் ஒன்பது பிடி எடுத்து நான் எட்டு எடுத்தால் குற்றம் யாருடையது? அதிர்ஷ்டத்தின்மேல் பழிபோட வழியே இல்லை. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றது இந்த முறையில்தான். அப்போது பர்தனுக்கு வயது அறுபது!

மேசை விளையாட்டில் நாம் சளைத்தவர்கள் அல்லர். வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சில் கேரம் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டைக் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றார். அடுத்த காய் எங்கே நிற்க வேண்டும் என்று எண்ணி இந்தக் காயை அடிக்கும் கூட்டம் நம் தெருமுனைகளில் நிறையவே உண்டு. கேரம் பலகைக்கு இடம் தந்த ஓய்வறை நான்கு நாற்காலிக்கும் இடம் தரும். காசு மேசைமேல் வந்தால் அன்றே மூடிவிடலாம் என்று விதி எழுதிக்கொள்வோம். அதில் முதல் கையொப்பம் நானே இடுகிறேன்.

சென்ற மாதம் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “காசு எங்கே வெப்பீங்க?” என்றார். காசே கிடையாது என்றேன். “அப்போ எதுக்குடா அவ்ளோ நேரம் எண்ற?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சீட்டுக்கட்டு இன்னும் பெரியவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.