காத்துலயும் ஊரு உண்டு, சேரி உண்டு



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. குன்னூரில் நான் உட்கார்ந்திருக்கும் கவுன்டருக்கு ஒரு அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர். கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை என்று கணக்கு முடங்கிக் கிடந்தது. விரல் வைக்கச் சொன்னேன். இருபது வருசமாய்க் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? மிசின் ஏற்கவில்லை. சரி, ஓடிபி அனுப்பலாம் என்று தட்டினேன். போனது. ஆனால் போன் இருந்தது லைன் வீட்டில், காலேஜ் படிக்கிற மகள் கையில். லைன் இருப்பது பள்ளத்தில். அங்கே சிக்னல் கிடையாது. மூன்று தடவை அனுப்பினேன், மூன்று தடவையும் காலாவதியாகிவிட்டது.

'நாளைக்குப் போனையும் எடுத்துட்டு வாங்கக்கா' என்றேன்.

'நாளைக்கும் ஒரு பேரு போயிருமே சார்' என்றார்.

நானும் லைனில் பிறந்தவன்தான். மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் சாராகிவிட்டேன்.

அந்தப் பள்ளத்தில் காத்து இல்லையா? இருக்கிறது. அந்தக் காத்து யாருடையது என்பதுதான் இந்தத் தலையங்கத்தின் கேள்வி. 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமான வழக்கில், உச்சநீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுச்சொத்து என்ற வார்த்தையை நாம் நிறையக் கேட்டவர்கள். பொதுக்குளம், பொதுக்கிணறு, பொதுச்சாவடி, பொதுச்சுடுகாடு. எல்லாவற்றிலும் அந்தப் 'பொது'வுக்குள் நாம் இருந்தோமா என்பது வேறு கதை.

அலைக்கற்றை என்றால் நீலகிரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009-ல் தனித்தொகுதியான இந்த மண்ணில் ஜெயித்த ஆ. ராசாதான் அப்போது தொலைத்தொடர்பு அமைச்சர். 2008 ஜனவரியில் கொடுத்த 122 உரிமங்கள், 2010-ல் தணிக்கை அதிகாரி எழுதிய 1.76 லட்சம் கோடி, 2011-ல் கைது, 2012 பிப்ரவரி 2-ல் அத்தனை உரிமமும் ரத்து, 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை. அதன் மேல் சிபிஐ அப்பீலும் போட்டது. நான் அவர் கட்சிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த வருசங்களில் இந்த ஊர் டீக்கடைகளில் '2ஜி' என்ற சொல் எந்த இளிப்போடு யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று நம் காதுகளுக்குத் தெரியும். ஒரு தலித் அமைச்சரின் மேல் வந்த வழக்கு ஒரு சாதியின் மேல் வந்த வழக்காக மாற்றப்பட்டது.

அந்தக் கூச்சலில் ஒரு கேள்வி அமுங்கிப் போனது. அலை என்ன விலைக்குப் போனது என்று நாடே சண்டை போட்டது. யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அந்த உரிமங்களின் நிபந்தனையை எடுத்துப் பாருங்கள். முதல் வருசத்தில் மாவட்டத் தலைநகரங்களில் பத்து சதவீதம், மூன்று வருசத்தில் ஐம்பது சதவீதம், அவ்வளவுதான். மாவட்டத் தலைநகர் என்றால் இங்கே ஊட்டி. அப்புறம் எங்கே பள்ளத்து லைன்? ரத்து செய்தவர்களும் சரி, ரத்தானவர்களும் சரி, அந்த ஷரத்தைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தவில்லை.

2010-ல் 3ஜிக்கும் பிராட்பேண்ட் அலைக்கும் நடந்த ஏலத்தில் அரசுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல் வந்தது. 2022-ல் 5ஜி ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி. ஏலம் நல்லது, வெளிப்படையானது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் 2012 செப்டம்பரில் அதே உச்சநீதிமன்றம், ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக, இயற்கை வளத்தைப் பங்கிட ஏலம் ஒன்றுதான் வழி என்றில்லை, பொதுநன்மைதான் அளவுகோல் என்று சொன்னதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

மலைக்காரர்களுக்கு ஒரு விசயம் முக்கியம். எல்லா அலையும் ஒன்றல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை தூரம் போகும், சுவருக்குள் நுழையும், மேட்டைச் சுற்றி ஓரளவு வளைந்தும் வரும். 3300 மெகாஹெர்ட்ஸ் அலை கோபுரத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்திலேயே களைத்துவிடும். நமக்கு வேண்டியது முன்னது. அதை 2016-ல் ஏலத்துக்கு விட்டபோது ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி என்று அரசு விலை வைத்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை. 2021-லும் எடுக்கவில்லை. 2022-ல் ஒரே ஒரு கம்பெனி எடுத்தது. அரிசி என்றால் குடோனில் வைத்து அடுத்த வருசம் போடலாம். அலை அப்படியில்லை, அன்றைக்கு ஓடாதது அன்றைக்கே வீண். ஆறு வருசம் அந்தக் காத்து நம் பள்ளத்து மேலே சும்மா போனது. விலை படியவில்லை என்பதற்காக.

கிராமத்துக்கு என்று தனிப் பணம் இல்லாமலும் இல்லை. 2002 முதல் கம்பெனிகளின் வருவாயில் ஐந்து சதவீதம் இதற்கென்றே பிடிக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வருசக்கணக்காய்ச் செலவாகாமல் கிடந்தது. 2024-ல் அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பேர் மாற்றினார்கள். பேர் மாற்றுவதில் நம் ஆட்சியாளர்களை அடிச்சுக்க ஆளில்லை. 2011-ல் ஒப்புதல் பெற்ற கண்ணாடியிழைத் திட்டம் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அந்த இழையைக் கொண்டுபோவது டான்பிநெட்டின் வேலை. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் இழை ஊராட்சி அலுவலகத்தோடு நிற்கிறது. ஊராட்சி அலுவலகம் எங்கே இருக்கும், சேரி எங்கே இருக்கும், லைன் எங்கே இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? லைன் நிற்பது எஸ்டேட் நிலத்தில். அங்கே ஒரு கம்பம் நட நிர்வாகம் தலையாட்ட வேண்டும். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கக்கூஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முதலாளி பொறுப்பு என்றது. அன்றைக்கு இணையம் இல்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டே போனில் வருகிறது.

இதே நீலகிரியில்தான் அயோத்திதாசப் பண்டிதர் 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். ஊட்டியில் போட்ட அந்தப் பத்துத் தீர்மானங்களில் ஒன்று, எல்லோரும் புழங்கும் கிணறு குளங்களில் நம்மவர் தடையில்லாமல் நீர் எடுக்க வேண்டும் என்பது. அதற்கு ஆறு வருசம் முன்புதான், 1885-ல், தந்திச் சட்டம் போட்டுத் தந்தி முழுக்க சர்க்காருக்கே என்று வெள்ளைக்காரன் எழுதிக்கொண்டான். அந்தச் சட்டத்துக்கு மாற்று வந்தது 2023-ல். அதிலும் பொதுவழி ஏலம்தான். சில வேலைகளுக்கு மட்டும் நேரடி ஒதுக்கீடு. அந்தச் சிலவற்றில் சேரி இல்லை.

இதெல்லாம் டெக்னிக்கல் விசயம் என்று நாமும் விட்டுவிட்டோம். அது நம் தப்பு. 2015-ல் இணையச் சமத்துவம் கேட்டு டிராய்க்குப் பத்து லட்சம் மின்னஞ்சல்களுக்கு மேல் போயின. நம் இயக்கங்களிலிருந்து எத்தனை போயிருக்கும்? பேஸ்புக் கம்பெனி ஏழைகளுக்கு என்று சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்ட வந்தது. நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் அது தனி டம்ளர். டீ இலவசம், ஆனால் இந்த டம்ளரில்தான் குடிக்கணும். 2016 பிப்ரவரி 8-ல் டிராய் அதைத் தடுத்தது. தடுக்க வைத்தவர்களில் பெரும்பாலோர் நகரத்துப் படித்த பிள்ளைகள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஏலமே போடாத அலையும் உண்டு. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005 முதல் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். காத்தில் நமக்கு நிஜமாய் மிஞ்சியிருக்கும் பொதுக்கிணறு அதுதான். 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி திட்டப்படி டீக்கடையோ ரேசன் கடையோ உரிமக் கட்டணமில்லாமல் வைஃபை விற்கலாம். கேரளத்தில் 2019-ல் உயர்நீதிமன்றம் இணையம் கல்வி உரிமையின் பகுதி என்றது, 2023-ல் வறுமைக்கோட்டுக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று கே-ஃபோன் தொடங்கியது. கூடலூர் தாண்டினால் கேரளம்தானே.

லைனிலும் சேரியிலும் இழை இறங்க வேண்டும், எந்தக் கம்பெனியும் சங்கமும் அதைப் பயன்படுத்தும்படி திறந்திருக்க வேண்டும். எஸ்டேட் நிர்வாகம் வழிவிடுவதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். ஏலத்தில் அலை எடுக்கிறவன் குடியிருப்பு வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2024-ல் டிராய் போட்ட சேவைத்தர விதிப்படி கம்பெனிகள் தங்கள் வீச்சு வரைபடத்தை வெளியிட்டாக வேண்டும். அதைத் திறந்து உங்கள் லைனையும் சேரியையும் தேடுங்கள். சிக்னல் உண்டு என்று காட்டும் இடத்தில் போய் நில்லுங்கள். வீட்டு வாசலில், பள்ளிக்கூடத்தில், ரேசன் கடையில் எத்தனை கோடு வருகிறது, போன் பேச முடிகிறதா, தேதியும் நேரமும் போட்டுக் குறித்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அதை அப்படியே அச்சிட்டு, டிராய்க்கும் கலெக்டருக்கும் மனுவோடு கொடுப்போம்.

அந்த அக்கா புதன்கிழமை போனோடு வந்தார். கணக்குத் திறந்துவிட்டது. இரண்டு பேரு போனது போனதுதான்.